கேபிளுக்கு டிரைவர் தேவை

வால்பாறை மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 40. என் காருக்கு அன்று ஒன்பதாவதிலேயே மூச்சு வாங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் 'ஊம்' கொட்டியதே தவிர வேகம் பிடிக்கவில்லை. முள் மூவாயிரத்தைத் தொடமாட்டேன் என்று அடம் பிடித்தது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்து, ஒதுங்கி, முந்திக்கொண்டு போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓரச் சுவரில் நின்றிருந்த வரையாடு ஒன்று எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 'இதற்கு நடந்தே வந்திருக்கலாமே' என்பதுபோல் பாறையில் தாவி ஏறிப் போனதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு கண் சிமிட்டியது. சுருள் சுருளாக, முறுக்கு மாதிரி இருக்கும். டீசல் வண்டியைக் கிளப்பும்போது ஓரிரு நொடி எரிந்து அணைய வேண்டிய விளக்கு அது. என் வண்டியில் ஓடும்போது சிமிட்டினால் அதற்கு வேறு அர்த்தம். "உள்ளே ஏதோ சரியில்லை, இன்னும் கெடாமல் இருக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்" என்று கார் தானாக முடிவெடுத்துவிட்டது. இதற்கு லிம்ப் மோட் என்று பெயர். தமிழில் சொன்னால் நொண்டி நடை.

"என்னங்க, முறுக்கு எரியுது" என்றாள் மனைவி. வண்டியை அணைத்துக் கிளப்பினேன். முறுக்கு மறைந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி சுட்டு எடுத்து வந்துவிட்டது.

கோவை திரும்பியதும் வழக்கமான மெக்கானிக்கிடம் போனேன். பானெட்டைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "கம்ப்யூட்டர் போட்டுப் பாக்கோணுங்க சார்" என்றார். நாடி பிடித்த வைத்தியர்களெல்லாம் 'முதலில் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க' என்று சொல்லும் காலத்தில் இவரை மட்டும் எப்படிக் குறை சொல்வது? ஸ்கேன் பார்க்க எவ்வளவு ஆகும் என்று ஓரிடத்தில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகைக்குக் கேபிளே வாங்கிவிடலாம் போலிருந்தது. நடுத்தர வர்க்கத்தின் பெருஞ்செலவுகள் எல்லாமே 'அந்தக் காசுக்கு நாமே' என்ற மூன்று சொற்களில்தான் தொடங்குகின்றன.

காரின் மூளையோடு பேசுவதற்கு ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வாய் இருக்கிறது. ஓபிடி போர்ட் என்பார்கள். இரண்டு வரிசையில் 16 துளைகள். அமெரிக்காவில் 1996 முதல் விற்கும் கார்களுக்கெல்லாம் ஓபிடி-2 கட்டாயம். புகையைக் கட்டுப்படுத்த வந்த சட்டத்தால், எந்த கம்பெனி காராக இருந்தாலும் ஒரே மாதிரி வாய், ஒரே மாதிரி அடிப்படைப் பேச்சு என்று ஆனது. பிறகு உலகமெங்கும் அதே வழக்கம். அதில் ஒரு சின்ன ப்ளூடூத் டாங்கிளைச் செருகி, ஃபோனில் ஒரு ஆப் போட்டால் போதும், இன்ஜின் என்ன புலம்புகிறது என்று படித்துவிடலாம். ஊர் உலகத்துக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஏர்பேக், ஏபிஎஸ், கதவுப் பூட்டு, உள்விளக்கு என்று அந்தக் காரின் ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியாகக் குசலம் விசாரிக்கும் முழு மென்பொருள்தான் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கென்று தனிக் கேபிள். 1,800 ரூபாய்.

கேபிள் வந்தது. கூடவே உள்ளங்கை அளவில் ஒரு சிடியும் வந்தது. என் லேப்டாப்பில் சிடி போட இடமில்லை. கேபிளின் மறுமுனையில் அகலமான பழைய யுஎஸ்பி. என் லேப்டாப்பில் இருப்பவை எறும்புப் புற்று அளவில் இரண்டே ஓட்டைகள். 2,200 ரூபாய்க்கு ஒரு ஹப் வாங்கினேன். அடுத்ததாக, சிடி உறையின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு வரி தென்பட்டது. 'விண்டோஸில் மட்டும் இயங்கும்.'

என்னுடையது ஆப்பிள் லேப்டாப். குற்றம் லேப்டாப்பினுடையது அல்ல, கேட்காமல் கேபிள் வாங்கியவனுடையது. 2006 முதல் அந்த கம்பெனியின் கணினிகளில் இன்டெல் சில்லு இருந்தது. பூட் கேம்ப் என்ற வசதியால் அதே பெட்டியில் விண்டோஸையும் போட்டு ஓட்டலாம். 2020 நவம்பரில் எம்1 என்ற சொந்தச் சில்லு வந்தது. வேகம் கூடியது, சூடு குறைந்தது, பேட்டரி நாள் முழுக்க நின்றது. பூட் கேம்ப் மட்டும் நின்றுபோனது. காரணம் எளிது. புதுச் சில்லு பேசுவது ஆர்ம் பாஷை. ஊரிலுள்ள விண்டோஸ் மென்பொருள்களில் பெரும்பாலானவை இன்டெல் பாஷையில் எழுதப்பட்டவை. அடுத்த தெருவுக்குக் குடிபோகிறோம் என்று நினைத்து லாரி ஏறினால், மொழியே வேறான ஊரில் இறக்கிவிட்ட கதை.

ஆனாலும் மனிதன் முயற்சியைக் கைவிடுவதில்லை, அதுவும் 4,000 ரூபாய் செலவழித்த பிறகு.

முதலில் வைன். விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மென்பொருளை ஓட்டிக் காட்டும் கருவி. 1993 முதல் தன்னார்வலர்கள் செதுக்கிவரும் சிற்பம். இதைப் பற்றி நண்பனிடம் ஃபோனில், "ராத்திரி ஒரு மணி வரைக்கும் வைன் போட்டுப் பாத்தேன்டா, ஒண்ணும் ஏறலை" என்று சொன்னதை மனைவி சமையலறையிலிருந்து கேட்டுவிட்டாள். விளக்கம் சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. மென்பொருளின் ஜன்னல் என்னவோ திறந்தது. கேபிள்தான் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்தது வெர்ச்சுவல் மெஷின். இது நம் வீட்டுக்குள்ளேயே ஒரு போர்ஷனைத் தடுத்து விண்டோஸைக் குடிவைப்பது போல. கேபிளைச் செருகியதும், 'வந்திருப்பவர் வீட்டுக்காரருக்கா, குடித்தனக்காரருக்கா?' என்று லேப்டாப் கேட்டது. குடித்தனக்காரருக்கு என்றேன். புது விண்டோஸ் 11 ஆர்ம் பாஷைக்காரர்தான் என்றாலும் கூடவே ஒரு துபாஷியை வைத்திருக்கிறார். இன்டெல் பாஷை மென்பொருள் எது வந்தாலும் துபாஷி மொழிபெயர்த்து ஓட்டிவிடுவார். என் கார் மென்பொருளும் திறந்தது. நான் எழுந்து நின்று சோம்பல் முறித்தேன். வெற்றி பெற்றவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

'டிரைவர் இல்லை' என்றது திரை.

இங்கேதான் சூட்சுமம். மென்பொருள் என்பது திண்ணையில் உட்கார்ந்து பேசும் விருந்தாளி. அவருக்குத் துபாஷி போதும். டிரைவர் என்பது இயங்குதளத்தின் அடுக்களைக்குள்ளேயே நுழைந்து அண்டா குண்டாவைத் தொடும் ஆள். துபாஷிக்குத் திண்ணை வரைக்கும்தான் அனுமதி. அடுக்களைக்குள் வருகிறவர் ஆர்ம் பாஷையிலேயே பிறந்து வளர்ந்தவராக இருந்தாக வேண்டும். என் கேபிளோடு வந்த டிரைவரோ இன்டெல் பாஷை தவிர எதுவும் அறியாதவர். காரில் ஒரு மஞ்சள் முறுக்கு. அதை அணைக்கப் போய், இப்போது லேப்டாப்பிலும் ஆச்சரியக்குறியோடு ஒரு மஞ்சள் முக்கோணம். இருக்கிற கோளாறைப் பார்க்க வாங்கிய பொருளில் இன்னொரு கோளாறு.

அந்த நேரம் பார்த்து பொள்ளாச்சியிலிருந்து மாமனார் ஃபோன் செய்தார். "என்னுங் மாப்ளை, குரல் ஒரு மாதிரி இருக்குது?"

"டிரைவர் கிடைக்க மாட்டேங்குது மாமா."

"டிரைவரா? காரை நீங்கதானே ஓட்டறீங்க?"

"காருக்கு இல்லை மாமா, கேபிளுக்கு."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "சம்பளம் எவ்வளவு கேக்கறாங்க?" என்றார்.

அவரிடம் விஷயத்தை விளக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. அவர் மடியில் இருப்பது என் பழைய லேப்டாப். 2011-இல் வாங்கியது. இன்டெல் சில்லு, விண்டோஸ் 7, அகல யுஎஸ்பி மூன்று, பக்கவாட்டில் சிடி தட்டு. புதியது வாங்கிய அன்று, "இதெல்லாம் இனிமே எனக்கெதுக்குங்க மாமா" என்று கர்ணன் கவசத்தைக் கழற்றிய பாவனையில் கொடுத்தது. அவர் அதில் ஸ்பைடர் சாலிடேர் ஆடுவார். நான்கு ஜாதிச் சீட்டையும் வைத்து ஜெயிப்பார். அதை ஒரு நாள் இரவல் கேட்டேன். கொடுத்த கையால் திருப்பிக் கேட்பதற்கு ஒரு தனி நாக்கு வேண்டும்.

"லேப்டாப்பைக் குடுத்து அனுப்ப முடியாதுங்க. நீங்க காரைக் கொண்டுட்டு வாங்க" என்றார்.

பொள்ளாச்சிக்கு 40 கிலோமீட்டர். நொண்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். மாமனார் லேப்டாப்பை மஞ்சப்பையிலிருந்து எடுத்தார். அதன் பேட்டரி எப்போதோ இறந்துபோயிருந்தது. ஆகவே ஹாலில் டிவியின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து, வாசல் வழியாகக் கார் வரை கொண்டுவந்தோம். சீரியல் பாதியில் நின்ற அத்தை, கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, கால்கள் இரண்டும் கதவுக்கு வெளியே கிடக்க, தடவித் தடவி அந்த 16 துளையைத் தேடினேன். "ஐயோ, அடிபட்டிருச்சுங்களா?" என்று எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல். அத்தை, "இல்லைங், மாப்ளை வேலை செய்யறாங்க" என்றார். எங்கள் குடும்பத்தில் என்னைப் பற்றி அப்படி யாரும் சொன்னது அதுவே முதல் தடவை.

மாமனார் முன்சீட்டில் அமர்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, என்னிடமிருந்து ஒரு கையால் மறைத்தபடி பாஸ்வேர்டை அடித்தார். சிடி தட்டு நாக்கை நீட்டி, சிடியை வாங்கி, உள்ளே இழுத்துக்கொண்டது. மூன்றே நிமிடம். டிரைவர் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். கேபிளின் நுனியில் பச்சை விளக்கு. திரையில் காரின் பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து ஆஜர் சொன்னன. இன்ஜின் என்ற வரியில் மட்டும் சிவப்பாக ஏதோ தெரிந்தது. நான் ஸ்டியரிங் அடியிலிருந்து தலையை உருவிக்கொண்டு எழுந்து கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள், "அழிக்கவா என்று கேக்குது, சரின்னு குடுத்துட்டனுங்" என்றார் மாமனார்.

"மாமா! அதைப் படிச்சு எழுதி வெச்சுட்டுத்தானே அழிக்கணும்!"

"முப்பத்திரண்டு வருஷம் கணக்குப் பிரிவுல இருந்தவனுங்க நான். நிலுவைன்னு ஒண்ணு தெரிஞ்சா அன்னைக்கே தீர்த்துப்புடணும்."

முறுக்கு அணைந்துவிட்டது. அத்தை காபி கொடுத்தார். கோளாறை அழிப்பதும் கோளாறின் பெயரை அழிப்பதும் ஒன்றல்ல என்பது மூன்றாம் நாள் உக்கடம் மேம்பாலத்தில் ஏறும்போது தெரிந்தது. முறுக்கு மறுபடியும் சிமிட்டியது. மறுபடியும் பொள்ளாச்சி. மறுபடியும் எக்ஸ்டென்ஷன் வயர். அத்தையின் சீரியலில் இந்த முறை கல்யாணம் நின்றுகொண்டிருந்ததாம், நின்றதா, நடந்ததா என்று தெரிவதற்குள் டிவி நின்றுவிட்டது.

இம்முறை மாமனார் டைரியோடு வந்தார். தேதி, நேரம், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் எழுதி, கீழே கோடு போட்டு, கோளாறின் கோட் எண்ணை எழுதினார். கையெழுத்துப் போடாததுதான் பாக்கி. பி0299. பி என்றால் இன்ஜின், கியர் சம்பந்தப்பட்டது. பி என்ற எழுத்துக்கு அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோட். 1 என்றால் பெரும்பாலும் அந்தந்த கம்பெனியின் தனி ரகசியம். 0299 என்றால் டர்போ தள்ள வேண்டிய அளவுக்குக் காற்றைத் தள்ளவில்லை.

நான் அந்த 0-வையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொதுவான கோட். ஃபோனும் டாங்கிளும் இருந்தால் ஒன்பதாவது வளைவிலேயே, வரையாட்டின் முன்னிலையிலேயே படித்திருக்கலாம். இதை மாமனாரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு போகட்டும்.

டைரியில் இருந்ததை மெக்கானிக்கிடம் காட்டினேன். கோட் என்பது 'காற்று போதவில்லை' என்று மட்டும்தான் சொல்லும். எங்கே போகிறது என்று சொல்லாது. அவர் டர்போவைச் சுற்றியிருந்த குழாய்களை விரலால் வருடிக்கொண்டே போனார். பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய், வளைவில் வெடித்திருந்தது. டர்போவுக்கு எப்போது எவ்வளவு தள்ள வேண்டும் என்று உத்தரவு கொண்டுபோகிற வேக்குவம் குழாய் அது. மாற்றினார். 90 ரூபாய்.

கார் பதினைந்து வருடம் ஓடுகிறது. லேப்டாப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். இரண்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நடத்தும் மென்பொருள், கல்யாணத் தரகர் மாதிரி, தனக்குப் பழகிய வீடுகளுக்கு மட்டுமே போய்வருகிறது. புதுச் சம்பந்தி எவ்வளவு வசதியானவர் என்பதெல்லாம் அதற்கு இரண்டாம் பட்சம்.

அன்று பொள்ளாச்சியிலிருந்து கிளம்பும்போது நன்றிக்கடனாக மாமனாரிடம், "இந்த விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட நிறுத்திட்டாங்க மாமா. புதுசா ஒண்ணு வாங்கித் தரட்டுங்களா?" என்று கேட்டிருந்தேன்.

லேப்டாப்பை மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அதே ஜனவரிதானுங் மாப்ளை ரிட்டயர்மெண்ட். ரெண்டு பேருக்கும் சீட்டைக் கிழிச்ச பொறகும் வேலைன்னா இங்கேதானே வர்றீங்க? எனக்காவது பென்ஷன் வருது, பாவம், இதுக்கு அதுவும் கெடையாது."