மலையில்லாத ஊரில் ரோடு பைக்

நான்கு லட்ச ரூபாய்க்கு ஒரு சைக்கிளா? அந்தப் பணத்தில் மூன்று மோட்டார் சைக்கிள் வாங்கிவிடலாமே?
— ஒரு வாசகர், கோட்டுச்சேரி

வாங்கலாம். மூன்றுக்கும் பெட்ரோல் போட வேண்டும். இதற்கு நாலு இட்லி போதும்!

விலை எங்கே போகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. ஒரு கிலோவுக்கும் குறைவான கார்பன் ஃபிரேம், பின்னால் பன்னிரண்டு பல்சக்கரங்கள், பொத்தானைத் தொட்டால் மாறும் மின் கியர், எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் டிஸ்க் பிரேக் என்று ஒவ்வொன்றும் காசு கேட்கும். அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. இறக்குமதி சைக்கிளுக்கான சுங்க வரியை 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்திலிருந்து 35 ஆக்கினார்கள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல். ஆனால் நான்கு லட்சம் கட்டாயமில்லை. ஷிமானோவின் 105 வரிசைக் கியர் போட்ட நல்ல பைக் போதும். அதற்கு மேலே போகப் போக விலை ஏறும் வேகத்தில் சுகம் ஏறாது.

என் நண்பனின் பைக் எட்டரை கிலோ. நான் ஏழு கிலோவில் ஒன்று கட்ட நினைக்கிறேன். அந்த ஒன்றரைக் கிலோவுக்காக இன்னொரு லட்சம் போடலாமா?
— ஒரு வாசகர், நிரவி

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே குடியிருந்தால் போடுங்கள் என்பேன். நீங்கள் இருப்பது நிரவி. அரசலாற்றுப் பாலத்தைத் தவிர ஏற்றம் என்று எதைச் சொல்வீர்கள்? போட்டியில் ஓடும் பைக் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்று சர்வதேச சைக்கிள் சங்கம் 2000-ஆம் ஆண்டு முதல் விதி வைத்திருக்கிறது. அந்த எண்ணைத் துரத்திக்கொண்டு நம் ஆட்களும் ஓடுகிறார்கள். டெல்டாவின் சமதளத்தில் எடை உங்கள் எதிரியே இல்லை.

எதிரி காற்று. கணக்கைப் பாருங்கள்: 25 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள், எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வருகிறது. உங்கள் நெஞ்சில் மோதுவது 40 கி.மீ. காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், காற்றே இல்லாத காலையைவிட இரண்டரை மடங்கு விசை உங்களைப் பின்னுக்குத் தள்ளும். ஒன்றரைக் கிலோவைக் குறைத்து இதை வெல்ல முடியாது. முழங்கையை மடக்கி, தலையை நாலு விரல் தாழ்த்தினால் வெல்லலாம். அதற்குச் செலவு பூஜ்யம்.

பல்சக்கரத்தையும் காற்றுக்கு ஏற்றபடிதான் தேர்ந்தெடுக்க வேண்டும். 11-34 பல் கேசட் மலைக்காரர்களுக்கு. நமக்கு 11-30. அதில் 15-க்கும் 17-க்கும் நடுவே 16 பல் சக்கரம் ஒன்று இருக்கிறது. வாடைக்காற்றில் ஒரு மணி நேரம் ஒரே சீராக மிதிக்கிறவருக்குத்தான் அந்த ஒற்றைப் பல்லின் அருமை தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் கிளம்பும்போது வடக்கே தரங்கம்பாடிப் பக்கம் போங்கள். போகும்போது கால் புதிதாக இருக்கும், எதிர்க்காற்றைத் தாங்கும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்து வீட்டில் கொண்டுவந்து விடும்.

ஆறு செ.மீ. ஆழமுள்ள கார்பன் ரிம் பார்க்க அட்டகாசமாக இருக்கிறது. போடலாமா?
— ஒரு வாசகர், காரைக்கால்மேடு

கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா? பக்கவாட்டுக் காற்றில் முன்சக்கரம் பாய்மரமாகிவிடும். உங்கள் ஊரில் பாய்மரம் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மூன்றரை, நான்கு செ.மீ. போதும்.

ஃபிரேம் தனியாக, பாகங்கள் தனியாக வாங்கியிருக்கிறேன். நம்ம ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் கொடுத்துக் கட்டலாமா, இல்லை சென்னைக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?
— ஒரு வாசகர், திருநள்ளாறு

அண்ணனை நம்புங்கள், ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். சக்கரத்தைச் சுழலவிட்டு, போக்ஸ் கம்பியை விரலால் சுண்டி, சத்தத்தை வைத்தே கோட்டம் எடுக்கிற கை அவருடையது. அந்தத் தேர்ச்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை என்பது அவருக்குத் தூக்கத்திலும் தெரியும்.

அவருக்குப் பழக்கமில்லாதது கார்பன். இரும்பு ஃபிரேமில் ஸ்பேனரை 'இன்னும் ஒரு அழுத்து' அழுத்தினால் ஒன்றும் ஆகாது. கார்பன் வளையாது, எச்சரிக்காது, ஒரு நாள் பிளக்கும். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம் போல்ட்டுகளில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை வாங்கி அண்ணனிடம் கொடுங்கள். இரண்டு லட்ச ரூபாய் ஃபிரேமுக்கு அதுதான் காப்பீடு. சீட் போஸ்ட் வழுக்கினால் இன்னும் முறுக்கக்கூடாது. கார்பனுக்கென்றே மணல்போல் நறநறக்கும் ஒரு பசை விற்கிறது, அதைத் தடவினால் குறைந்த முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும்.

பெடல் கைகளை இணைக்கும் நடு அச்சு உட்காரும் இடத்தில் வலது பக்கக் கிண்ணத்துக்குத் தலைகீழ் மரை. அந்த மரை அளவுக்குப் பெயர் பி.எஸ்.ஏ.! ஆமாம், 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் நம் தெருவெல்லாம் ஓடவிட்ட அதே பி.எஸ்.ஏ. பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் எழுத்துகள் அவை. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள், வேலைக்குப் பாதி தைரியம் வந்துவிடும்.

ஒரே ஒரு வேலையை மட்டும் தள்ளிப் போடுங்கள். ஃபோர்க்கின் மேல்குழாயை முதல் நாளே அறுக்காதீர்கள். வளையங்களை அடுக்கி, ஹேண்டில்பாரை உயரமாக வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். முதுகும் கழுத்தும் எந்த உயரம் வேண்டும் என்று சொல்லும், பிறகு அறுக்கலாம். அறுத்த குழாயை எவராலும் ஒட்ட முடியாது.

பிரான்சில் இருக்கும் சித்தப்பா, பழைய பெஜோ ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். புதுப் பாகங்கள் போட்டு ஓட்டலாமா?
— ஒரு வாசகி, திருமலைராயன்பட்டினம்

கொடுத்துவைத்தவர் அம்மா நீங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காரைக்காலில் மட்டுமே எதிர்பார்க்கக்கூடிய கேள்வி இது. ஓட்டலாம், ஆனால் ஒரு பாகம்கூட வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். பழைய பிரெஞ்சு சைக்கிள்கள் உலகத்தோடு ஒத்துப்போகாதவை. மேலே சொன்ன கிண்ணம் இரண்டு பக்கமும் நேர் மரை, அளவு 35 மி.மீ. ஸ்டெம் 22 மி.மீ. மற்றவர்களுடையது 22.2. பெடல் மரையும் வேறு. அந்த 0.2 மி.மீ. வித்தியாசத்தைச் சுத்தியலால் தீர்க்க யார் முன்வந்தாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுங்கள்.

முக்கியமான இன்னொன்று பிரேக். பிரான்சில் இடது கை முன்பிரேக். நமக்கு வலது கை முன்பிரேக், சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும். திடீரென்று ஆடு குறுக்கே வந்தால் யோசிக்க நேரமிருக்காது, கை தன் பழக்கப்படிதான் பிடிக்கும். முன்பிரேக்கை வலதுபக்கம் மாற்றிக் கட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து புதிதாக வாங்கி வருகிறவர்களுக்கும் இது பொருந்தும். கட்டும்போதே மாற்றுவது சுலபம்.

மற்றபடி, சித்தப்பாவின் நாட்டை இந்த விஷயத்தில் வணங்கலாம். கழற்றி மாட்டக்கூடிய மிஷ்லின் காற்று டயரோடு 1891-இல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் ஜெயித்த பிறகுதான் பஞ்சர் ஒட்டுவது சுலபமானது. அதே பிரான்சில், டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் கியர் மாற்றும் டிரெய்லியரை 1937 வரை அனுமதிக்கவில்லை என்பதும் உண்மை!

பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்கலாமா?
— ஒரு வாசகர், காரைக்கால்

வேண்டாம். வால்வே பொருந்தாது, பொருத்தியாவது பிடித்தால் கை மீறிவிடும். மீட்டர் வைத்த கால்பம்பு வாங்குங்கள். 28 மி.மீ. டயருக்கு, 65 கிலோ ஆள் என்றால் 60 முதல் 70 பி.எஸ்.ஐ. போதும். கொக்கியில்லாத புது ரிம் என்றால் 72.5-ஐத் தாண்டவே கூடாது. கல் மாதிரி இறுக்கினால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை. நம் ரோட்டில் அது பல்லைத்தான் ஆட்டும்.

மின் கியருக்கு நடுவழியில் சார்ஜ் தீர்ந்தால்?
— ஒரு வாசகர், பூவம்

முதலில் முன்கியர் நின்று எச்சரிக்கும், பின்கியர் இன்னும் கொஞ்ச நேரம் வேலை செய்யும். வீடு வந்துவிடலாம். போனுக்கு இரவில் சார்ஜ் போடுகிறவர் இதற்கு மாதம் ஒருமுறை போட மாட்டாரா?

கடற்காற்றில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது. பைக் என்ன ஆகும்?
— ஒரு வாசகர், கிளிஞ்சல்மேடு

கார்பன் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்லியிருப்பார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அதை ஒட்டி அலுமினியம் இருந்து, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் மெல்ல அரிபடும். கார்பன் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட் போஸ்ட்டை இறக்கிவிட்டு ஒரு வருஷம் மறந்தால், பிறகு உருவ முடியாமல் ஃபிரேமே வீணான கதைகள் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவி, துடைத்து, பசை தடவி மாட்டுங்கள். போல்ட் தலைகளில் துளி கிரீஸ்.

கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். போர் தண்ணீர் உப்புக்கரித்தால் அதில் கழுவிப் பயனில்லை, உப்பை உப்பால் கழுவுகிறீர்கள். வண்டி கழுவும் கடையின் அழுத்தக் குழாய் பக்கம் போகவே வேண்டாம், பேரிங்குக்குள் தண்ணீர் ஏறிவிடும்.

செயினுக்கு எண்ணெய்க்குப் பதில் உருக்கிய பாரஃபின் மெழுகு நல்லது. மணலும் தூசியும் ஒட்டாது. மழையில் நனைந்தால் மட்டும் வந்ததும் துடைத்து மறுபடி மெழுக வேண்டும். செயின் அரை சதவீதம் நீண்டதுமே மாற்றுங்கள். தாமதித்தால் பல்சக்கரங்களையும் சேர்த்துத் தின்னும். செயின் மலிவு, பல்சக்கரம் மலிவல்ல.

சீட் எவ்வளவு உயரம்? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.
— ஒரு மாணவர், நெடுங்காடு

சிரில் கிமார் என்ற பிரெஞ்சுப் பயிற்சியாளர் வழி ஒன்று இருக்கிறது. வெறுங்காலில் சுவரோடு நின்று, கால்களுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அளவெடு. அதை 0.883-ஆல் பெருக்கு. 80 செ.மீ. என்றால் 70.6. பெடல் கைகளை இணைக்கும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை அந்த அளவு. இது தொடக்கம்தான். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டைக் கொஞ்சம் ஏற்று, பின்பக்கம் இழுத்தால் இறக்கு. பைக் கட்டுவதில் எந்தப் பாகத்தையும்விட இந்த ஒரு அளவுக்கு நான் அதிக மரியாதை கொடுப்பேன்.

புது பைக்குக்குப் பூஜை போடலாமா?
— ஒரு வாசகி, காரைக்கால்

தாராளமாக. டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வையுங்கள், ஹேண்டில்பாருக்குச் சந்தனம் வையுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் எதையும் தடவாதீர்கள், எண்ணெய் பட்ட டிஸ்க் பிடிக்காது. பூஜை முடிந்து, ஆளில்லாத ரோட்டில் வேகமெடுத்து, நிற்காமல் வேகத்தைக் குறைப்பது என்று இருபது முப்பது முறை செய்யுங்கள். புது பிரேக் அப்போதுதான் பழகும். நூறு கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

ஷூவைப் பெடலோடு பூட்டிக்கொள்வது பயமாக இருக்கிறது அண்ணா. விழுந்துவிட்டால்? அதோடு, நாற்பது வயதில் நான் ரேஸ் சைக்கிள் ஓட்டினால் ஊர் என்ன பேசும்?
— ஒரு வாசகி, தென்னங்குடி

முதல் கேள்விக்கு: பெடலின் பிடி ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்துங்கள். சுவரில் கைவைத்து நின்றபடி, குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றுவதைக் கால் தானாகச் செய்யும்வரை பழகுங்கள். நிற்பதற்குப் பத்து அடி முன்னாலேயே ஒரு காலைக் கழற்றிவிடுங்கள். முதல் சில வாரம் சாதாரணப் பெடலிலேயே ஓட்டினாலும் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவதற்கு: 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், நர்ஸ்கள். ஊர் அவர்களையும் பேசியது. அவர்கள் தண்ணீர்க்குடத்தைக் கேரியரில் வைத்துக்கொண்டு ஓட்டிப் போய்விட்டார்கள். நீங்களும் ஓட்டுங்கள் அம்மா. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள், சக்கரத்துக்கு அது ஆகாது.

முதல் நீண்ட சவாரிக்கு எந்த ரோடு?
— ஒரு வாசகர், வரிச்சிக்குடி

விடிவதற்கு முன் கிளம்பி தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டை முன்னால் கடலைப் பார்த்து ஒரு டீ, வெயில் ஏறுமுன் வீடு. சனிக்கிழமை திருநள்ளாறு ரோடு வேண்டாம், சனீஸ்வரனைப் பார்க்க வரும் கூட்டத்துக்கு அது சொந்தம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரம் வருவார்கள், அவர்களுக்கு வழிவிடுங்கள். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். அதன்மேல் ஏற்றினால் 28 மி.மீ. டயர் வழுக்கும். வழுக்காவிட்டாலும் அது ஒருவருடைய ஆறு மாத உழைப்பு. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

நான் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போக முடியுமா?
— ஒரு இளைஞர், அம்பகரத்தூர்

முடியும். அது இப்போது பந்தயமல்ல, 1,200 கி.மீ., 90 மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2023-இல் நடந்தது. அதற்குத் தகுதி பெற, அதே பருவத்தில் 200, 300, 400, 600 கி.மீ. சவாரிகளை முடிக்க வேண்டும். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ரான்டனர்ஸ் கிளப்புகள் நடத்துகின்றன. 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள். சாப்பிடும் நேரமும் அதற்குள்தான். மணிக்கு இருபது கி.மீ. போகிற ஆளுக்கே மூன்றரை மணி நேரம் மிச்சம். இந்த வருஷம் 200-ஐ முடி தம்பி, மற்றதை அப்புறம் பேசுவோம்.

அப்பா பைக்கில் ஸ்டாண்ட் இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை. ஏமாந்துவிட்டாரா?
— ஐந்தாம் வகுப்பு மாணவி, காரைக்கால்

ஸ்டாண்டும் கேரியரும் வேண்டாம் கண்ணு, சுவரில் சாய்த்துக்கொள்வார். மட்கார்டு மழைக்காலத்துக்குக் கழற்றி மாட்டுகிற மாதிரி கிடைக்கிறது. மணி விஷயத்தில் நீ சொல்வதுதான் சரி. நாளைக்கே கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒன்று வாங்கி மாட்டச் சொல்!