மணல் இல்லாத பீச்சுக்கு வர்ற மாப்ளைக்கு

ஏம்பா மாப்ளே, நீ போன்ல சொன்னதை நான் சரியாத்தான் காதுல வாங்கினேனா? ஜூலை முதல் வாரம் பள்ளிக்கூடம் மூடினதும் பொண்டாட்டி புள்ளைங்களோட பாரிஸ்லேருந்து கெளம்பி வந்து மூணு வாரம் பாண்டி பீச்சுல கெடக்கப் போறே. 2026 கால்பந்து உலகக் கோப்பையில ஒரு ஆட்டத்தையும் விட மாட்டே. அதுக்காக வீட்டுக்காரி மூஞ்சியும் கோணக் கூடாது, புள்ளைங்க தோலும் கருகக் கூடாது. மாமன் இதுக்கு ஒரு வழி சொல்லணும். கடலைக் கொஞ்சம் மேற்க தள்ளி வைக்கணும்னாலும் சொல்லு, இதைவிட அது சுலபம்.

மொதல்ல பீச்சைப் பேசுவோம். உன் மவன் மணல்ல கோட்டை கட்ட வாளியும் குட்டி மம்முட்டியும் வாங்கி வச்சிருக்கானாம். அந்தக் கோட்டையை அங்கயே கட்டிட்டு வரச் சொல்லு. கடலே இல்லாத பாரிஸ்ல 2002-லேருந்து வெயில் காலத்துல சேன் ஆத்தங்கரையை பீச்சா மாத்துறாங்க, ஆரம்பத்துல டன் கணக்குல மணல் கூட கொட்டினாங்கன்னு நீதானே கதை சொன்னே? நம்ம ஊர்ல கடல் இருக்குது, மணல்தான் இல்ல. பீச் ரோட்டுல நின்னு பாத்தா யானைக்குட்டி யானைக்குட்டியா கருங்கல்லு அடுக்கி வச்சிருக்குது. அது மேல கோட்டை கட்ட முடியாது, முட்டியை வேணா ஒடச்சுக்கலாம்.

ஏன் இப்படி ஆச்சுன்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவான். நான் பாகூர் ஏரித் தண்ணியில பயிர் வச்சவன், எனக்கு வயக்காட்டுக் கணக்குல சொன்னாத்தான் வெளங்கும். நம்ம கரையில வருஷக் கணக்குப் பாத்தா மணல் தெக்கேருந்து வடக்கதான் போவுது, வாய்க்கால் தண்ணி மாதிரி. எண்பதுகளோட கடைசியில டவுனுக்குத் தெக்க, அரியாங்குப்பம் ஆத்து முகத்துல துறைமுகம்னு சொல்லி கல்லைக் கொட்டிக் கடலுக்குள்ள கரை நீட்டினாங்க. மேமடைக்காரன் குறுக்க வரப்பு போட்டா கடமடைக்காரன் வயல் என்னாவும்? தெக்க வீராம்பட்டினம் பக்கம் மணல் குமிஞ்சுது. வடக்க டவுன் கரையை அலை தின்னுடுச்சு. சேர்ற மணலை அள்ளி இந்தப் பக்கம் போடுறதாத்தான் திட்டமே இருந்துது. அள்ளுற வேலைதான் ஒழுங்கா நடக்கல. அப்பறம் ரொம்ப வருஷம் கழிச்சு, சென்னையிலேருந்து தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகத்துக்காரங்க வந்து, தலைமைச் செயலகத்துக்கு எதிர்க்க கடலுக்கடியில ஆப்பு மாதிரி ஒரு பெரிய இரும்புக் கட்டுமானத்தை எறக்கினாங்க. போன மணல்ல கொஞ்சம் திரும்பி வந்துது. கடலுக்கே ஆப்பு வச்சு மணலை வாங்கின ஊருப்பா நம்மளுது.

அந்தக் கொஞ்சம் மணலைப் பாத்துட்டு புள்ளைங்களைத் தண்ணியில எறக்கிடாதே. போலீஸ்காரர் விசில் ஊதுவாரு. தலையில இருக்கறது செவப்புத் தொப்பி, உனக்குப் புரியற மாதிரி சொன்னா செவப்பு அட்டை. குளிக்கணும்னா சின்ன வீராம்பட்டினத்துக்கு வா. அங்க ஈடன் பீச்சுக்கு 2021-ல நீலக்கொடின்னு ஒண்ணு குடுத்தாங்க. நீலம்னதும் உங்க பிரான்ஸ் டீம் கலருன்னு துள்ளாதே, அது சுத்தமான கடற்கரைக்கு வெளிநாட்டுக்காரன் குடுக்கற கொடி. சுண்ணாம்பாத்துல படகு ஏறினா பாரடைஸ் பீச்சுக்கும் போவலாம். எங்க போனாலும் முட்டிக்கு மேல எறங்கறதுக்கு முன்னாடி அந்த ஊரு மீன்பிடிக்கிறவர் ஒருத்தரைக் கேளு. இதுல மட்டும் மாமன் வெளையாடல. நம்ம கடல் மேல சிரிக்கும், அடியில காலை இழுக்கும். பெங்களூருலேருந்து சனிக்கிழமை வந்த எத்தனையோ புள்ளைங்க ஞாயித்துக்கிழமை திரும்பிப் போவல.

இனி வெயிலு. கத்திரி மே மாசத்தோட முடிஞ்சுதேன்னு நீ நெனப்பே. ஆனியிலயும் ஆடியிலயும் மேக்காத்து அடிக்கும், அடுப்புக்கு எதிர்ல நின்னு ஊதுற மாதிரி. மத்தியானம் கடக்காத்து உள்ள வந்தாத்தான் ஊருக்கு உசுரு வரும். மேக்காத்து பலமா இருக்கற நாள்ல அது மூணு மணி ஆனாலும் கரைக்கு அந்தாண்ட ஆஃப்சைடுல நிக்கும். பத்து மணிக்கு மேல பீச்சுல உக்காந்தா உன் சின்னவ நெத்திலிக் கருவாடு ஆயிடுவா. மூஞ்சியில நீங்க பூசற வெள்ளைக் களிம்பு நல்லதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா நிழலுக்குக் களிம்பு மாத்தாவாது. இந்த வருஷம் ஆட்டக்காரங்களுக்கே ஒவ்வொரு பாதியிலயும் மூணு நிமிஷம் நிறுத்தித் தண்ணி குடுக்கறாங்களாம். கோடி கோடியா வாங்குற காலுக்கே அந்த மரியாதைன்னா, புள்ளைங்களுக்கு எளநியும் மோரும் எத்தனை தடவை குடுக்கணும்னு நீயே கணக்குப் போட்டுக்கோ. காலையில பழையதுல மோர் ஊத்தி, சின்ன வெங்காயத்தோட ஒரு கிண்ணம் குடு. மொத நாள் மூஞ்சியைச் சுளிக்குங்க. நாலாம் நாள் உனக்கு மிச்சம் வைக்காதுங்க.

நீலச் சட்டை உன் தோள்ல எப்படி ஏறிச்சுன்னு உனக்கு யாராவது சொல்லியிருக்காங்களா? 1954-ல பிரெஞ்சுக்காரன் ஆட்சியைக் கையில குடுத்துட்டுப் போனான். ஆனா ஒப்பந்தம் அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அன்னிலேருந்து ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் குடுத்தா பிரெஞ்சுக் குடியுரிமையை வச்சுக்கலாம்னு இருந்துது. உங்கப்பா வழித் தாத்தா சொல்தா, இந்தோசீனாவுல துப்பாக்கி தூக்கினவரு. மொத வாரமே போயி எழுதிக் குடுத்தாரு. எங்கப்பாவும் போறதாத்தான் இருந்தாரு. நடவு முடியட்டும்னாரு. அப்பறம் மல்லாட்டை புடுங்கிட்டுப் போவலாம்னாரு. அப்பறம் சம்பா அறுப்பு வந்துடுச்சு. அறுப்பு முடிஞ்சு துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு கெளம்பினா, ஆறு மாசம் முடிஞ்சு போச்சு. அதனால உனக்கு நீலச் சட்டை, எனக்குக் கோவணம். வருத்தமில்லப்பா. இந்த வெயிலுக்கு எது தோதுன்னு வந்து பாரு.

உங்க ஆட்டத்தையெல்லாம் பாத்து வளந்தவன்தான் நானும். 1998 ஃபைனல் பாரிஸ் பக்கத்துல ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பிச்சா நமக்கு நடுராத்திரி பன்னிரண்டரை. எங்க அக்கா வீட்டுல, அதான் உங்க வீட்டுல, கூடம் கொள்ளாத கூட்டம். பழைய சொல்தாங்க மெடலைக் குத்திக்கிட்டு பாய்ல உக்காந்திருந்தாங்க. நடு மண்டை வழுக்கையோட ஒருத்தன் ரெண்டு தடவை தலையாலயே முட்டி உள்ள தள்ளினான். பிரேசிலுக்கு முட்டை, நமக்கு மூணு. அந்த ஜிடான்தான் 2006-ல பெர்லின்ல இத்தாலிக்காரன் நெஞ்சுல முட்டிட்டு வெளிய போனான். அதே தலை. எங்க முட்டணும்கறதுலதான் விஷயமே இருக்குது. உனக்கு ஏன் சொல்றேன்னா, நீ வீட்டுக்காரிகிட்ட எதுக்கெடுத்தாலும் முட்டுற ஆளு.

அந்த 2006 டீம்ல விகாஷ் தொராசூன்னு ஒருத்தன் இருந்தான், ஞாபகம் இருக்குதா? மொரீஷியஸுக்குப் போன தெலுங்கு வம்சம். அந்த உலகக் கோப்பையில அவன் ஆடினதைவிட பெஞ்சுல உக்காந்ததுதான் அதிகம். சும்மா உக்காரல, சின்ன கேமராவை வச்சுப் படம் புடிச்சான். அதுவே சினிமாவா வந்துது. பொண்டாட்டி புள்ளைங்களோட பீச்சுக்குப் போற ஆம்பளையும் பெஞ்சு ஆட்டக்காரன்தான். துண்டைப் புடி, செருப்பைப் பாத்துக்கோ, படம் எடு. மைதானத்துக்குள்ள கூப்பிடறப்ப எறங்கினாப் போதும்.

நீ 2018-ல அதைச் செய்யலயே. ஜூலை 15, ஞாயித்துக்கிழமை, மாஸ்கோவுல ஃபைனல். நமக்கு ராத்திரி எட்டரை. சாயங்காலத்துக்கு மேல பீச் ரோட்டுல வண்டி விடமாட்டான், ஊரே நடந்துக்கிட்டிருந்துது. குடும்பத்துக்காக ஆட்டத்தையே தியாகம் பண்ணிட்டேன்னு வீட்டுக்காரிகிட்ட வசனம் பேசினே. அப்பறம் காந்தி சிலையைச் சுத்தி செஞ்சியிலேருந்து வந்த கல் தூண் இருக்குதே, அதுல ஒண்ணுக்குப் பின்னாடி போன் வெளிச்சம் மூஞ்சியில அடிக்க நீ நின்னதை நான் சுண்டல் தின்னுக்கிட்டே பாத்தேன். ஒத்தைக் கால் செருப்போட உன் மவன் அழுதுக்கிட்டு வந்தான். நீ அவன் தலையைத் தடவிக்கிட்டே, எம்பாப்பே எம்பாப்பேன்னு முணுமுணுத்தே. புள்ளையைத்தான் பாப்பான்னு கொஞ்சுறியாக்கும்னு நெனச்சேன்.

ஒண்ணு மட்டும் நீ கவனிக்கல. முகத்தை அப்பாவியா வச்சுக்கிட்டு நீ திரும்பி வந்தப்ப, நீ வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி அவதான் சொன்னா, நாலு ரெண்டுன்னு. அவளுக்கு எப்படித் தெரியும்? கடலைப் பாக்க வந்த பொண்ணு ஒண்ணரை மணி நேரமா கடலுக்கு முதுகைக் காட்டி, எதிர் ஓட்டல் கண்ணாடிக்குள்ள எரிஞ்ச டீவியைப் பாத்துக்கிட்டு நின்னா. மொத கோலைக் குரோஷியாக்காரனே தன் வலையில போட்டுக்கிட்டான்னு எனக்கு வெளக்கம் சொன்னதும் அவதான்.

சரி, வழி கேட்டியே. 2026-ல நாப்பத்தெட்டு டீம், நூத்திநாலு ஆட்டம். நீ வந்து எறங்கறப்ப பாதிக்கு மேல முடிஞ்சிருக்கும், அது வரைக்கும் நிம்மதி. மிச்சத்தை அமெரிக்கா பக்கம் பகல்ல ஆடினா நமக்கு நடுராத்திரி, சாயங்காலம் ஆடினா விடியக்காலை. ஜூலை 19 ஃபைனல் அங்க மத்தியானம் மூணு மணி, நமக்கு மறுபடியும் அதே பன்னிரண்டரை. விடுமுறை கெட்டுப் போச்சுன்னு நீ தலையில கை வைக்கறே. நான் சொல்றேன், பாண்டி வெயிலுக்குன்னே அளந்து போட்ட நேரம் இது.

எப்படின்னு கேளு. ராத்திரி எட்டுக்கெல்லாம் புள்ளைங்களைத் தூங்க வை, நீயும் படு. பன்னிரண்டரைக்கு எழுந்து ஆட்டத்தைப் பாரு. சத்தம் மட்டும் வைக்காதே. ஜெயிச்சா தலகாணியைக் கடி, தோத்தாலும் அதே தலகாணி. மூணு மணிக்கு ஒரு குட்டித் தூக்கம். அஞ்சரைக்குக் குடும்பத்தோட கடலுக்குப் போ. ஆறு மணிக்குள்ள சூரியன் தண்ணியிலேருந்து எழும். அந்த நேரத்துல கல்லு சுடாது, மீன் படகு கரைக்கு வரும், கூட்டம் இருக்காது. எட்டரைக்கு ரூமுக்குத் திரும்பிடு. மத்தியானம் சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்குங்க. டவுன்ல பாதிக் கடை ஒரு மணிக்குச் சாத்தினா நாலு மணிக்குத்தான் தொறக்கறான். அது பிரெஞ்சுக்காரன் பழக்கம்னு டவுன்காரங்க சொல்லுவாங்க, களத்து மேட்டுப் புளியமரத்தடியில எங்க தாத்தா எந்த பிரெஞ்சுக்காரனைக் கேட்டுத் தூங்கினாருன்னு தெரியல. அஞ்சு மணிக்கு எழுந்து நட, கடக்காத்து வாங்கு, ரொட்டிக் கடைக்குப் போ. ராத்திரி முழிச்சவன்னு யாரும் உன்னைக் கண்டுபுடிக்க மாட்டாங்க. இந்த ஊர்ல மத்தியானத்துல தூங்காதவன்தான் சந்தேகப்பட வேண்டிய ஆளு.

ஜூலை 14 மட்டும் கொஞ்சம் கஷ்டம். போர் நினைவுச் சின்னத்துல மலர் வளையம் வைப்பாங்க, அக்கா உன்னைக் கோட்டுப் போட்டு வரச் சொல்லும். அன்னிக்கு ராத்திரியே மொத அரையிறுதி. கோட்டைக் கழட்டிட்டுத் தூங்கு.

இதையெல்லாம் நீ வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்லப் போறேன்னுதானே முழிக்கறே. சொல்ல வேணாம். முந்தாநாளே அவ எனக்குப் போன் பண்ணிட்டா. மாமா நல்லா இருக்கீங்களா, மல்லாட்டை போட்டிருக்கீங்களான்னு ஆரம்பிச்சு, பாகூர்ல மோட்டார் கொட்டாய்ப் பக்கத்துல புதுசா ஓலை வேய்ஞ்ச குடிசை இருக்குதாமே, புள்ளைங்க ஒரு ராத்திரி அங்க தங்கினா சந்தோஷப்படும்னு வந்தா. எந்த ராத்திரிம்மான்னு கேட்டேன். பத்தொன்பதாம் தேதின்னா. கூட யாரும்மா இருப்பாங்கன்னேன். உங்க மாப்ளைதான், புள்ளைங்ககூட நேரம் செலவழிக்கணும்னு ஆசைப்படறாருன்னா. அவளும் உங்க தங்கச்சியும் டவுன்ல இருப்பாங்களாம், பிரான்ஸ் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.

குடிசையில டீவி இல்லப்பா. போன் டவரும் ஏரிக்கரை மேல ஏறினாத்தான் எடுக்கும், அங்க ராத்திரியில பாம்பு. நான் ஒத்துக்கிட்டேன். எனக்கு ஒரு நீலச் சட்டை கொண்டாறேன்னு சொல்லியிருக்கா, பெரிய சைசு. நீ வர்றப்ப மறக்காம ஒரு கொசுவலை எடுத்துக்கிட்டு வா.