கையறு நிலை: முதலிரு சீட்டின் இலக்கணம்

போக்கரில் டெக்சஸ் ஹோல்டம் என்னும் பிரிவு ராப்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தது என்று டெக்சஸ் சட்டமன்றமே 2007-இல் தீர்மானம் போட்டுவிட்டது. ஆகவே தோற்ற ஆராய்ச்சி இங்கே தவிர்க்கப்படுகிறது. ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். பொதுவான ஐந்து சீட்டு பிறகு மேசை நடுவில் விரியும். தன் இரண்டைப் பார்த்ததும் ஒருவர் கவிழ்த்துப் போட்டு விலகலாம், கேட்ட தொகையைக் கட்டலாம், அல்லது தொகையை உயர்த்தலாம். எந்தக் கைக்கு எது என்பதே கேள்வி.

52 சீட்டிலிருந்து இரண்டு எடுக்க 1,326 வழி உண்டு. இஸ்பேட்டா ஆட்டினா என்ற பேதத்தை நீக்கினால் எஞ்சுவது 169 கை: ஜோடி 13, ஒரே ஜாதி 78, கலப்பு 78. இவற்றுள் ஆடத்தக்கவற்றை 1976-இல் போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி எட்டு வகுப்பாகத் தொகுத்தார். எட்டுத்தொகைக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை. முதல் வகுப்பில் ஐந்தே கை: ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஜோடிகள், ஒரே ஜாதி ஏஸ்-ராஜா. ஏஸ் ஜோடி சராசரியாக 221 தடவைக்கு ஒருமுறை வரும். மற்ற 220 தடவை என்ன செய்வது என்பதில்தான் அறிஞர்க்குள் பிணக்கு.

இத்துறையின் முதலாசிரியர் திருவள்ளுவர். சூது என்னும் 94-ஆம் அதிகாரத்திலிருந்து பெறப்படும் விதி தெளிவானது: எங்கே உட்கார்ந்தாலும், எந்தக் கை வந்தாலும், கவிழ்க்கவும். இக்காலக் கணிப்பொறிகள் இதிலிருந்து சற்றே வேறுபடுகின்றன. ஒன்பது பேர் மேசையில் முதலில் பேசுகிறவருக்கு நூற்றுக்குப் பதினைந்து கைக்குள் அனுமதிக்கின்றன. முன்னவர் அனைவரும் கவிழ்த்துவிட்டால், பின் சுற்றுகளில் கடைசியாகப் பேசும் டீலர் பட்டன்காரருக்கு நாற்பதுக்கும் மேல். பஞ்சாயத்தில் கடைசியாகப் பேசுகிறவர் விவேகியாகத் தெரிவதற்கும் காரணம் இதுவே.

உயர்த்துகிறவருக்கு வெற்றி இரண்டு வழியில் வரும்: எதிரிகள் பயந்து கவிழ்க்கலாம், அல்லது சீட்டே ஜெயிக்கலாம். சும்மா கட்டி உள்ளே வருகிறவருக்கு முதல் வழி அடைபட்டிருக்கிறது. எனவே யாரும் உயர்த்தாத நிலையில், ஆடத்தக்கது என்றால் உயர்த்து, இல்லையேல் கவிழ் என்பர் நூலோர். நூலோர் சொல்லியும் உலகம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

இனி ஜாதி. இரண்டு சீட்டும் ஒரே ஜாதியாக இருப்பதால் கூடும் பலம் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். முதல் மூன்று பொதுச் சீட்டிலேயே ஐந்தும் ஒரே ஜாதியான ஃப்ளஷ் அமைவது நூற்றுக்கு ஒருமுறைகூட இல்லை. ஆயினும் வேறெந்தத் தகுதியும் இல்லாத ஒன்பதையும் மூன்றையும், இரண்டும் நம்ம ஜாதி என்ற ஒரே காரணத்துக்காக ஆதரித்துக் கைப்பொருள் இழப்பவர் எல்லாத் தேசத்திலும் உளர்.

கடைக் கை எது என்பதிலும் இரு கட்சி உண்டு. கலப்பு 7-2 என்பது மரபுவாதிகள் கட்சி: உயரமும் இல்லை, இரண்டையும் சேர்த்து வரிசை கட்டவும் முடியாது. கணக்கர்கள், ஒரே ஒரு எதிரி என்றால் கலப்பு 3-2தான் கடைசி என்பர். 7-2-இல் ஏழு என்ற சீட்டாவது சில சமயம் தனியே நின்று ஜெயிக்கும். மரபுக் கட்சியின் செல்வாக்கு எத்தகையது என்றால், சில மேசைகளில் 7-2 வைத்து ஜெயித்தவருக்கு மற்றவர்கள் ஆளுக்கொரு தொகை தர வேண்டும். நலிந்த கைக்கு இப்படி உதவித்தொகை வழங்குவதால், அதை ஆடாமல் விடுவது மனிதாபிமானமற்றது என்ற கருத்தும் பரவியுள்ளது.

விதிவிலக்கு இல்லாமல் இலக்கணம் இல்லை. டாய்ல் பிரன்சன் 1976, 1977 ஆகிய இரண்டு ஆண்டும் போக்கர் உலகத் தொடரின் பட்டத்தை 10-2 என்ற உருப்படாத கையில் வென்றார். இரண்டு முறையும் ஃபுல் ஹவுஸ், அதாவது ஓர் எண்ணில் மூன்றும் இன்னோர் எண்ணில் இரண்டும். இதனால் 10-2 அவர் பெயரையே பெற்றது. அன்று முதல் 10-2 ஆடித் தோற்கிறவர்கள், தோற்பதற்கு முன் இந்த வரலாற்றைச் சொல்கிறார்கள்.

இறுதியாகக் கவிழ்த்தோர் துயரம். முறைப்படி 7-2 கவிழ்த்தவர் கண்ணெதிரில் பொதுச் சீட்டு 7-7-2 என்று விரிவது உண்டு. ஜோடியல்லாத எந்தக் கைக்கும் அதன் இரண்டு எண்களாலேயே முதல் மூன்றில் ஃபுல் ஹவுஸ் அமைவது ஏறத்தாழ 1,089 தடவைக்கு ஒன்று. அப்போது அவர் பக்கத்து நாற்காலிக்காரரின் தோளைத் தொட்டு, தான் கவிழ்த்தது என்ன என்று சொல்வார். பக்கத்து நாற்காலிக்காரர் நம்புவதில்லை. அவரும் அதே சீட்டைக் கவிழ்த்ததாகச் சொல்வார்.