பின்னட்டைப் பண்டிதன்

சமீபத்தில் என்ன படித்தீர்கள் என்று யார் கேட்டாலும் எனக்குச் சட்டென ஒரு கருத்து வந்துவிடும். புத்தகம்தான் வராது.

திருவண்ணாமலையில் குடியிருப்பவனுக்கு இது ஆபத்தான வியாதி. அருணகிரிநாதர் ஊர், மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியதாகச் சொல்லும் ஊர், போதாக்குறைக்கு வம்சி புக்ஸ் இருக்கும் ஊர். செங்கம் சாலையில் ரமணாசிரமப் புத்தகக் கடைக்கு வெளியே சும்மா நின்றால்கூட யாராவது வந்து எதை வாங்கலாம் என்று கேட்பார்கள். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் நடக்க வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரன் என்றாலே பாதி ஞானி. அந்த மரியாதையை மறுக்கும் அளவுக்கு எனக்குப் பண்பு போதாது.

அப்படித்தான், கோவையிலிருந்து கிரிவலத்துக்கு வரும் ஒரு பெண்ணிடம் சாமர்செட் மாம் எழுதிய ‘தி ரேசர்ஸ் எட்ஜ்’ நாவலைச் சிபாரிசு செய்தேன். “நம்ம மலை பக்கத்துக்குப் பக்கம் வரும்மா” என்று சேர்த்தும் சொன்னேன். இந்தச் சேர்த்துச் சொல்வதில்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறேன்.

முழுக்கப் புளுகு என்றும் சொல்ல முடியாது. மாம் 1938இல் இங்கே வந்தது நிஜம். ஆசிரமத்தில் மயங்கி விழுந்ததும், படுக்கவைத்த அறைக்கே ரமணர் வந்து சற்று நேரம் அவரோடு உட்கார்ந்திருந்ததும் நிஜம். அது மயக்கமே அல்ல, சமாதி நிலை என்று ஒரு பேச்சு கிளம்பி ஊர் ஊராகப் போயிற்று. தனக்கு அதற்கு முன்பும் அப்படி மயக்கம் வந்ததுண்டு என்று மாம் பின்னாளில் சாவகாசமாக எழுதினார். (சேர்த்துச் சொல்வதில் எனக்கு முன்னோர்கள் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.) நாவல் 1944இல் வந்தது. அதில் ஒரு குரு வருகிறார், ஆசிரமம் வருகிறது என்று பின்னட்டை சொன்னது. மலையை நானே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

கோவைப் பெண் அடுத்த முறை படித்துவிட்டே வந்தார். “அண்ணா, அந்தக் குரு திருவிதாங்கூர்ல இல்ல இருக்காரு? ஹீரோ லாரிக்கு ஞானம் வர்ற மலையும் அந்தப் பக்கம்தான். அண்ணாமலை எந்த அத்தியாயத்துல வருது?” கேட்டதில் கிண்டல் துளியும் இல்லை. இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அந்த நாவலை நான் தொடாதவன் அல்ல. சிகாகோ பணக்காரர்கள், பாரிஸ் விருந்துகள், எலியட் என்ற பகட்டுக் கிழவர் எல்லாவற்றையும் ரசித்துத்தான் படித்தேன். லாரி இந்தியாவைப் பற்றி வாய் திறக்கும் ஆறாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், இதைத் தாண்டிப் போனாலும் கதை அறுந்துவிடாது என்று மாம் வாசகருக்குச் சலுகை தருகிறார். எழுதியவரே விட்டுவிடலாம் என்ற பிறகு நான் யார் பிடிவாதம் பிடிக்க? தாண்டினேன். அந்த உரையாடல் இல்லாவிட்டால் இந்தப் புத்தகத்தையே எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ என்ற பொருளில் அவர் அங்கேயே இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். அதற்குள் நான் ஏழாம் அத்தியாயத்தில் இருந்தேன்.

தலைப்பை மட்டும் வைத்துக் கருத்துச் சொன்னதும் உண்டு. கே.வி. ஷைலஜா தமிழில் தந்த ‘சிதம்பர நினைவுகள்’ கைக்கு வந்ததும் எனக்குள் நடராஜரும் ஆனித் திருமஞ்சனமும் ஓடின. தேவாரம் ஓதும் பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் “உங்களுக்கென்றே எழுதினது” என்று கொடுத்தேன். அது மலையாளக் கவிஞர் பாலச்சந்திரன் சுள்ளிக்காடு தன் பசியையும் காதலையும் அவமானங்களையும் ஒளிக்காமல் எழுதிய தன்வரலாறு. தாத்தா சில நாள் என்னைப் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. பிறகு வேலியோரம் கூப்பிட்டு, “இந்த ஆள் எழுதினது வேற ஏதாவது கீதா?” என்றார். என் சிபாரிசுகளில் பலித்தது இது ஒன்றுதான். அதுவும் என் தயவில் அல்ல.

பவா செல்லதுரை மேடையில் கதை சொல்லக் கேட்டுவிட்டு வந்த இரவுகளில் நிலைமை இன்னும் மோசம். காதால் கேட்ட கதையைக் கண்ணால் படித்தது போலவே பேசுவேன். ஒருமுறை, “நடையை இன்னும் கொஞ்சம் இறுக்கியிருக்கலாம்” என்றுகூடக் குறை சொன்னேன். யாருடைய நடையை என்று கேட்க அன்று அங்கே யாருமில்லை.

ஆசிரமம் வெளியிடும் ‘நான் யார்?’ சின்னப் புத்தகம். சிவப்பிரகாசம் பிள்ளை கேட்கக் கேட்க, பேசாதிருந்த இளம் ரமணர் 1902 வாக்கில் எழுதிக்காட்டிய பதில்கள் அவை. அச்சேறியது 1923இல். காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். கிரகப்பிரவேசம், மணிவிழா எதற்குப் போனாலும் ஒரு பிரதி கொடுத்து, “ரொம்ப ஆழம்” என்பது என் வழக்கம். ஆழம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. ஒருநாள் மின்சாரம் போய், கைப்பேசியும் செத்து, வேறு வழியில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து முழுதாகவே படித்தேன். நூல்களை அளவில்லாமல் படித்துக்கொண்டே போவதில் பயனில்லை, கற்றதையெல்லாம் ஒருநாள் மறக்க வேண்டியும் வரும் என்று அதில் ஓரிடத்தில் இருக்கிறது. எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. நேரே தேரடித் தெருவுக்குப் போய், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லி, நான் ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: “அது படிச்சவனுக்குச் சொன்னதுப்பா.”

போன பௌர்ணமிக்கு மறுநாள் கோவைப் பெண்ணைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். வேறு நல்ல புத்தகம் சொல்லுங்கள் என்றார். இந்த முறை யோசித்தே சொன்னேன்: பொன்னியின் செல்வன். ஐந்து பாகம். கல்கி 1950இலிருந்து 1954 வரை எழுதியது, அவ்வளவு சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்து கேள்வி கேட்க முடியாது.

“அது ரெண்டு தடவை படிச்சாச்சுண்ணா. உங்களுக்கு எந்த பாகம் பிடிக்கும்?”

“மூணாவது” என்றேன். ஏன் என்று அவர் கேட்பதற்குள் நடத்துனர் விசில் அடித்துவிட்டார்.