கேளுங்கள், தரப்படும், பங்கும் கேட்கப்படும்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் ஸ்டார்ட்அப், ஃபண்டிங், பிட்ச். மீதி, காப்பிப் பொடியில் சிக்கரி எவ்வளவு என்பது. சிக்கரிக்காரர்கள் அடுத்த வாரம் வரை பொறுக்கவும். அதற்குள் திருந்தினாலும் சரி.

கே: ‘எலிவேட்டர் பிட்ச்’ என்கிறார்களே, அது என்ன? (உறையூர் வாசகர்)

ப: லிஃப்டில் முதலீட்டாளர் மாட்டினால், அவர் இறங்கும் மாடி வருவதற்குள் உங்கள் தொழிலைச் சொல்லி முடிப்பது. நம் திருச்சியில் லிஃப்டை நம்ப முடியாது. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸை வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழச்சாலையில் ஏறி, பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் பக்கத்து சீட் மாமிக்குப் புரிய வேண்டும். “ஏஐ இயக்கும் ஹைப்பர்லோக்கல் பிளாட்ஃபார்ம்” என்று ஆரம்பித்தீர்களானால் மாமி ஜன்னல் பக்கம் திரும்பி, காவிரியில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். “தினம் காலையில வாசல்ல பூ கொண்டுவந்து தரோம் மாமி” என்றால், “முழம் என்ன விலை?” என்பார். அந்தக் கேள்வி விழுந்ததும் பிட்ச் முடிந்தது. வாயை மூடிக்கொண்டு விலையைச் சொல்லுங்கள்.

கே: பிட்ச் டெக்கில் எத்தனை ஸ்லைடு இருக்கலாம்? (தில்லைநகர் வாசகி)

ப: 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 புள்ளி எழுத்து என்றார் முதலீட்டாளர் கை கவாசாகி. நம் பிள்ளைகள் 40 ஸ்லைடு போட்டு, காசு எங்கிருந்து வரும் என்பதை 39-ஆவதில் ஒளித்து வைக்கிறார்கள்.

கே: யூனிகார்ன் என்றால்? (புத்தூர்)

ப: பங்குச் சந்தைக்கு வராமலே 100 கோடி டாலர் மதிப்பு பெற்ற கம்பெனி. கற்பனை மிருகத்தின் பெயர் அது; நம் பக்கம் யாளி. இரண்டையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யாளி தூணையாவது தாங்குகிறது.

கே: பர்ன் ரேட், ரன்வே இரண்டும் எனக்குக் குழப்பம். (லால்குடி)

ப: லால்குடிக்காரர் கேட்கிற கேள்வியா இது! மேட்டூர் அணை நிரம்பினால் 120 அடி, 93.47 டிஎம்சி. விநாடிக்கு 11,574 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு 1 டிஎம்சி காலி. நீர்வரத்து சுத்தமாக நின்றுபோனால், கடைசிச் சொட்டு வரை வடித்தாலும் 93 நாள். அணையில் இருப்பது வங்கிக் கணக்கு. தினமும் திறப்பது பர்ன் ரேட். 93 நாள்தான் ரன்வே. கர்நாடகத்திலிருந்து வர வேண்டியது அடுத்த சுற்று முதலீடு. “வரும், வந்துகொண்டே இருக்கிறது” என்பார்கள். அதை நம்பி நாற்று விட்டவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்களே, போய்க் கேளுங்கள். அணையில் தண்ணீர் இருக்கும்போதே அடுத்ததற்கு அலையத் தொடங்குகிறவன்தான் பிழைக்கிறான். தரை தெரியும்போது போய் நின்றால் கொடுக்கிறவர் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

கே: திருச்சிக்காரர் யாராவது இதில் ஜெயித்ததுண்டா, இல்லை எல்லாம் பெங்களூருக்கே எழுதி வைத்ததா? (பொன்மலை)

ப: கிரீஷ் மாத்ருபூதம். பெயரிலேயே மலைக்கோட்டை இருக்கிறது: மாத்ருபூதேஸ்வரர் என்பது நம் தாயுமானவரின் வடமொழிப் பெயர். அமெரிக்காவிலிருந்து வீட்டைக் காலிசெய்து திரும்பும்போது அவருடைய டிவி உடைந்து வந்தது. இன்ஷூரன்ஸ் பணத்துக்கு மாதக்கணக்கில் நடையாய் நடந்தார். கடைசியில் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி எழுதிப் போட்டார். உடனே மன்னிப்பும் வந்தது, பணமும் வந்தது. வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்கிற மென்பொருளுக்கு விதை அங்கே விழுந்தது. 2010-ல் சென்னையில் கம்பெனி தொடக்கம். 2011-ல் ஆக்செல் நிறுவனம் 10 லட்சம் டாலர் போட்டது. 2021 செப்டம்பர் 22 அன்று நாஸ்டாக் சந்தையில் பங்கு 36 டாலருக்கு வெளியீடு. திரட்டியது 100 கோடி டாலருக்கு மேல். அந்த வெளியீட்டுக்கு உள்ளே வைத்திருந்த பெயர் ‘ப்ராஜெக்ட் சூப்பர்ஸ்டார்’; மனிதர் ரஜினி ரசிகர். ஊழியர்களில் 500-க்கும் மேற்பட்டோர் கோடீஸ்வரர் ஆனார்கள். பிறகு பங்கு பாதி விலைக்கும் கீழே போனதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்கு நாலு கடிதம் வரும்.

என் குறை வேறு. பிறந்தது திருச்சி, தொடங்கியது சென்னை, தலைமை அலுவலகம் கலிஃபோர்னியா. நாம் மட்டும் “நம்ம ஊர்ப் பையன்” என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடி பெருமைப்படுகிறோம்.

கே: முதலீடே வாங்காமல் வளர முடியாதா? (மணச்சநல்லூர்)

ப: ஸ்ரீதர் வேம்புவிடம் சொல்லாதீர்கள், சிரிப்பார். அவருடைய ஜோஹோ 1996-லிருந்து வாங்காமல்தான் வளர்கிறது.

கே: எங்கள் தெரு தோசைக் கடையில் எப்போதும் கூட்டம். இந்த விசி (வென்ச்சர் கேப்பிடல்) ஆட்கள் அவருக்கு ஏன் கொடுப்பதில்லை? (திருவானைக்காவல்)

ப: நெய் ரோஸ்ட் மணக்கும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். விசி போடுவது அவர் சொந்தப் பணமல்ல. பிறரிடம் வாங்கி, பத்து வருஷக் கெடுவில் பெருக்கித் தருவதாகச் சொன்ன பணம். இருபது கம்பெனியில் போட்டால் பெரும்பாலானவை கவிழும் என்று அவருக்கே தெரியும். கரையேறும் ஒன்றிரண்டு, கவிழ்ந்ததற்கெல்லாம் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். உங்கள் தோசைக் கடை கவிழாது. நூறு மடங்கு பெருகவும் பெருகாது. அதனால் அவருக்கு ஆகாது. தோசை மாவோ பாக்கெட்டில் ஏறி ஊர் ஊராகப் போகும். 2005-ல் பெங்களூரில் முஸ்தஃபாவும் அவர் சொந்தக்காரர்களும் தொடங்கிய ஐடி ஃப்ரெஷ் மாவுக்கு 2014-ல் ஹீலியன் 35 கோடியும், 2017-ல் பிரேம்ஜி இன்வெஸ்ட் 150 கோடியும் போட்டன. கல்லில் வார்த்தவனுக்கு நல்ல பெயர், மாவைக் கட்டி விற்றவனுக்கு முதலீடு. கடைக்காரரிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவர் மாவு விற்கப் போய்விட்டால் நாம் எங்கே சாப்பிடுவது?

கே: ஸ்ரீரங்கத்துக்கும் இந்த ஃபண்டிங் சமாசாரத்துக்கும் என்ன ஐயா சம்பந்தம்? கோயிலைப் பற்றி எழுதுங்களேன். (கீழச் சித்திரை வீதி)

ப: இதற்காகத்தான் காத்திருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்க்கிறீர்களே, அந்த ராஜகோபுரம் எப்படி எழுந்தது? பல காலமாக அடித்தளத்தோடு நின்றுபோய், ஊர்க்காரர்களே ‘மொட்டைக் கோபுரம்’ என்று கூப்பிட்ட ப்ராஜெக்ட் அது. பழைய ப்ரமோட்டர்கள் எல்லாம் வைகுந்தம் சேர்ந்து சில நூற்றாண்டாயிற்று. 1979-ல் அகோபில மடத்தின் 44-ஆம் பட்டம் அழகியசிங்கர் அதைக் கையில் எடுத்துக்கொண்டபோது அவருக்கு எண்பதுக்கு மேல் வயது. 25 வயதில் கம்பெனி தொடங்காவிட்டால் வாழ்க்கை போச்சு என்கிற பையன்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும்.

அவர் செய்த உத்தியைப் பாருங்கள். “கோபுரத்துக்குக் கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால் யாரும் நூற்றொன்றுக்கு மேல் எழுத மாட்டார்கள். 13 நிலை, ஒரு நிலைக்கு ஓர் உபயதாரர் என்றால்? ஒரு நிலையை இளையராஜா ஏற்றார். இன்றைய பாஷையில் சீரிஸ் ஏ, பி, சி என்று எம் வரை போகும் சுற்றுகள். ஒரு நிலை எழுந்து கண்ணுக்குத் தெரிந்த பிறகு அடுத்ததற்குக் கேட்பது சுலபம். இதைத்தான் ‘ட்ராக்‌ஷன்’ என்று ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள். 1987-ல் 236 அடியில் குடமுழுக்கு. எக்ஸிட் எங்கே என்று எந்த முதலீட்டாளரும் கேட்கவில்லை. இருக்கவே இருக்கிறது பரமபத வாசல், மார்கழியில் திறப்பார்கள்.

கே: எங்களுக்கு டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைத் தாள்) வந்துவிட்டது! எதைக் கவனிக்க வேண்டும்? (துவாக்குடி மாணவர்)

ப: முதலில் இனிப்பு வாங்குவதை நிறுத்துங்கள். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடு பார்த்திருப்பீர்கள்: திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை, கொல்லை. முதல் சுற்றில் 20 சதவீதம் கொடுத்தால் திண்ணை போயிற்று, உங்களிடம் 80. அடுத்ததில் ரேழி, 64. அதற்கடுத்ததில் கூடம், 51.2. இன்னொன்று வாங்கினால் நீங்கள் கொல்லையில் கிணற்றடியில் நிற்பீர்கள். வாசலில் பெயர்ப்பலகை மட்டும் உங்களுடையது.

இரண்டாவது, ‘லிக்விடேஷன் ப்ரிஃபரன்ஸ்’. ஒருவர் 10 கோடி போட்டு 20 சதவீதம் வாங்குகிறார். கம்பெனி 12 கோடிக்கு விலை போகிறது. உங்கள் 80 சதவீதத்துக்கு 9.6 கோடி என்று மனக்கணக்குப் போடுவீர்கள். கிடையாது. அவர் போட்ட 10 கோடியை முதலில் எடுத்துக்கொள்வார். மீதி 2 கோடிதான் உங்களுக்கு. தாளில் ‘பார்ட்டிசிபேட்டிங்’ என்று ஒரு சொல் இருந்தால் அந்த 2 கோடியிலும் 20 சதவீதம், அதாவது 40 லட்சம், அவருக்கு. அந்த ஒரு சொல்லைத் தேடிப் பார்க்க வக்கீலுக்குக் காசு கொடுங்கள்.

கே: பெல் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்றவன். மகன் கம்பெனி தொடங்க 25 லட்சம் கேட்கிறான். என் கிராஜுவிட்டி அப்படியே இருக்கிறது. கொடுக்கட்டுமா? (கைலாசபுரம்)

ப: ஐயா, இதற்கு விளையாட்டாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

முழுவதையும் கொடுக்காதீர்கள். அது அவனுடைய மூலதனமல்ல, கணவன் மனைவி உங்கள் இருவருடைய மருந்துச் செலவு. திரும்பி வராவிட்டாலும் ராத்திரி தூக்கம் கெடாத தொகை எதுவோ அதை மட்டும் கொடுங்கள். மூன்று லட்சமாக இருந்தாலும் போதும். கொடுக்கும்போது கடனா, பங்கா என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பெற்ற பிள்ளையிடம் என்ன எழுத்து என்று வீட்டில் முணுமுணுப்பார்கள், போடுங்கள். நாளைக்கு வெளி முதலீட்டாளர் வந்தால் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். மேற்கொண்டு பணத்துக்குத் தமிழ்நாடு அரசின் டான்சீட் திட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ஐடியில் இன்குபேஷன் மையம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது.

இன்னும் ஒன்று கேளுங்கள்: “காசு கொடுத்து வாங்க ஓர் ஆள் கிடைத்தாரா?” கிடைத்திருந்தால் அவரை நீங்களே போய்ப் பாருங்கள். துவாக்குடியில் ஒரே ஆலையின் ஆர்டரை நம்பி லேத்து போட்டவர்கள் ஆர்டர் குறைந்தபோது பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் நீங்கள். வாடிக்கையாளர் ஒருவர்தானா, பலரா என்று கேட்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. பையன் கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னால், அவன் மற்றவர்களிடமும் பிட்ச் செய்வான்.

கே: நீங்கள் எதிலாவது முதலீடு செய்ததுண்டா? (ஸ்ரீரங்கம் வாசகி)

ப: தேக்கு மரம். 1990-களில். என் பங்கு மரத்துக்கு நம்பர் போட்டு, பக்கத்தில் ஓர் ஆள் நின்று எடுத்த போட்டோவும் அனுப்பினார்கள். லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அந்த ஆளையாவது கண்டுபிடித்தால் சொல்லுங்கள்.