பன்னிரண்டரை மணிக்காரர்

ஐபிஎல் பார்ப்பவரை மேட்ச்சண்ணன் ரசிகர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “ஏழரை மணிக்குச் சோத்துத் தட்டை மடியில வெச்சுட்டுப் பாக்கறதெல்லாம் ஒரு மேட்ச்சாடா?” என்பார். மேட்ச் என்றால் ஊர் அடங்கியிருக்க வேண்டும். வீட்டில் அத்தனை பேரும் குறட்டை விட வேண்டும். மறுநாள் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் “என்னங்ணா, கண்ணு இப்படிச் செவந்து கெடக்குது?” என்று விசாரிக்க வேண்டும். இதற்கெல்லாம் தோதாக அமைந்தது ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் கால்பந்து ஒன்றுதான். அதன் இறுதியாட்டம் அங்கே இரவு 9 மணிக்குத் தொடங்கினால் ஊத்துக்குளியில் பன்னிரண்டரை.

மேட்ச்சண்ணன் ஒரே ஆள் அல்ல. ஆர்.எஸ். பக்கம் ஒருவர் இருப்பார், குன்னத்தூர் ரோட்டில் ஒருவர், செங்கப்பள்ளியில் ஒருவர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் நடத்துவார். பள்ளிக்கூடத்தில் கபடி ஆடியிருப்பார், கொஞ்சம் வாலிபாலும். கால்பந்தைக் காலால் தொட்டதற்கு மட்டும் சாட்சி கிடையாது. ஆனாலும் கொடி தூக்குவதற்கு முன்பே “ஆஃப்சைடு!” என்று சொல்லிவிடுவார். பாதி தடவை அது சரியாகவும் இருந்துவிடும். மீதிப் பாதியில் தப்பு நடுவருடையது.

எல்லா மேட்ச்சண்ணன்களுக்கும் தலபுராணம் ஒன்றே: 2005 மே 25, இஸ்தான்புல். இடைவேளையில் ஏசி மிலன் மூன்று, லிவர்பூல் சைபர். பிறகு 54-ஆவது நிமிடத்தில் ஜெரார்டு தலையால் ஒன்று, 56-இல் ஸ்மித்சர் ஒன்று. 60-இல் மிலன் கோல்கீப்பர் தடுத்த பெனால்டி திரும்பி வர, அலோன்சோ அதையே உள்ளே தள்ளினார். மூன்றுக்கு மூன்று. பெனால்டி ஷூட்-அவுட்டில் கோப்பை லிவர்பூலுக்குப் போனது. “மூணு கோல் வாங்குனதும் எல்லாவனும் டிவியை அமத்திட்டுப் படுத்துட்டான். நாந்தான் உக்காந்திருந்தேன்” என்பார். அந்த ராத்திரி தன்னந்தனியாக உட்கார்ந்திருந்ததாகச் சொல்பவர்களை ஒன்று திரட்டினால் கதித்தமலைத் தேரை இழுத்துவிடலாம்.

அப்போதெல்லாம் இறுதியாட்டம் புதன்கிழமை. 2010-இல்தான் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். மறுநாள் பள்ளிக்கூடம் இருக்காது, பிள்ளைகளும் குடும்பத்தோடு பார்க்கட்டும் என்பது ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் எண்ணம். திருப்பூர்ப் பக்கம் வாரச் சம்பளம் சனிக்கிழமை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இதைவிடப் பொருத்தமாக யாராலும் நாள் குறித்திருக்க முடியாது. கம்பெனியில் காத்துக் கிடந்து பேமென்ட் வாங்கி, டெய்லருக்கும் கைமடிக்கும் பிரித்துக் கொடுத்து, முன்பணம் கேட்பவரைச் சமாதானப்படுத்தி நிமிர்ந்தால் மணி பதினொன்று. மறுநாள் ஞாயிறு. கறி எடுப்பதைத் தவிர வேலையில்லை.

வீட்டில் பார்க்க வழியில்லை. கோல் விழுந்தால் கத்துவார், கத்தினால் அம்மா எழுந்து “ஏஞ்சாமி, யாருக்கு என்னாச்சு?” என்பார். அதனால் இடம் பவர் டேபிள் ஷெட்டுக்கு மாறிவிட்டது. கட்டிங் டேபிளில் செல்போனை நூல்கோனுக்குச் சாய்த்து நிறுத்தி, கட்பீஸ் மூட்டைகளைச் சோபாவாக்கி, ஃபிளாஸ்க்கில் டீயும் வாங்கி வைத்தாயிற்று. கூட ஒரு ஆள் உண்டு: ஓவர்லாக் அடிக்கும் மேற்கு வங்கத்துப் பையன்.

2025 மே 31, மியூனிக். பாரீஸ் செயின்ட் ஜெர்மெயினும் இன்டர் மிலனும் மோதல். நம் ஊருக்கு அது ஜூன் 1 பிறந்துவிட்ட நேரம். “இன்டர்தான். அவனுங்க டிஃபென்ஸ் கருங்கல்லு” என்றார் அண்ணன். பையன் டீயை உறிஞ்சிக்கொண்டே, “அண்ணா, மியூனிக் ஃபைனல் எப்பவும் புது டீம்தான் ஜெயிக்கும்” என்றான். 1979-இல் நாட்டிங்காம் ஃபாரஸ்ட், 1993-இல் மார்செய், 1997-இல் டார்ட்மண்ட், 2012-இல் செல்சி. நான்கு அணிகளுக்கும் அது முதல் கோப்பை. இன்டர் ஏற்கெனவே மூன்று முறை வென்ற அணி. அண்ணன் கேட்காத மாதிரி செல்போன் வெளிச்சத்தைக் கூட்டினார்.

பன்னிரண்டாவது நிமிடம். திரையில் பந்து இன்னும் நடுவட்டத்தின் அருகே உருண்டுகொண்டிருக்கிறது. பையனின் போன் உறுமியது. லைன் வீட்டில் கேபிள் டிவி பார்க்கும் அவன் சேக்காளிகள். அவன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு போனைச் சட்டைப் பையில் போட்டான். அரை நிமிடம் கழித்துத் திரையில் பாரீஸின் ஹக்கீமி கோல் போட்டார். அன்றிரவு ஐந்து தடவை அந்த போன் உறுமியது. நான்காவது தடவையிலிருந்து அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, பையனின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்துக்குச் சைபர். இந்தக் கோப்பையின் இறுதியாட்டங்களில் அவ்வளவு பெரிய வித்தியாசத்தில் அதற்கு முன் யாரும் வென்றதில்லை.

தோற்றாலும் அவருக்குப் பேச விஷயம் இருந்தது. தன் இரண்டாவது கோலை அடித்த குஷியில் பாரீஸின் 19 வயது டுவே சட்டையைக் கழற்ற, நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அண்ணனின் கண் அட்டையில் இல்லை, சட்டையில் இருந்தது. “கழுத்து எப்படி வருது பாரு. ஒரு தையல் இழுக்கலை.” எதிராளி சட்டையைப் பிடித்து இழுக்கும் காட்சியை மெதுவாகத் திரும்பக் காட்டினால் எல்லோரும் ஃபவுலா என்று பார்ப்பார்கள், இவர் சைடு ஜாயிண்டில் பேட்லாக் தையல் தெறிக்கிறதா என்று பார்ப்பார். 2016 யூரோ கோப்பையில் பிரான்ஸுடன் ஆடிய சுவிட்சர்லாந்து வீரர்களின் சட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழிந்தன. ஒரு லாட் துணியில் நூல் பழுதாகிவிட்டது என்று பூமா நிறுவனம் விளக்கம் சொன்னது. கால்பந்து வரலாற்றில் அவருக்கு முழுமையாகப் புரிந்த நிகழ்ச்சி அது ஒன்றுதான் என்றுகூடச் சொல்லலாம். “லாட்டு செக் பண்ணாம கட்டிங் போட்டிருக்கானுங்க” என்று இன்றைக்கும் வருத்தப்படுவார்.

அதே 2016-இல் நம் பக்கத்து அணி ஒன்று ஆசிய அளவிலான இறுதியாட்டத்துக்கே போனது. பெங்களூரு எஃப்சி ஏஎஃப்சி கோப்பை அரையிறுதியில் நடப்புச் சாம்பியனான மலேசியாவின் ஜோகூர் அணியைக் கண்டீரவா மைதானத்தில் 3–1 என்று சாய்த்தது. அதில் சுனில் சேத்ரி இரண்டு கோல். அதுவரை எந்த இந்திய அணியும் அந்தக் கோப்பையின் இறுதிக்குப் போனதில்லை. நவம்பர் 5, தோஹா. ஈராக்கின் விமானப்படை அணி ஒரே கோலில் கோப்பையைக் கொண்டுபோனது.

ஸ்மித்சர் எந்த நிமிடத்தில் அடித்தார் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அண்ணனுக்கு இது நடந்ததே தெரியாது. பையன்தான் ஒருநாள் எடுத்துச் சொன்னான், 2003-இல் ஜகார்த்தாவில் ஈஸ்ட் பெங்கால் ஆசியான் கோப்பை வென்ற கதையையும் சேர்த்து. அண்ணன் நவம்பர் 5 என்ன கிழமை என்று கணக்குப் போட்டார். சனிக்கிழமை. அந்த ராத்திரி 500, 1000 ரூபாய்க் கட்டுகளை எண்ணிப் பட்டுவாடா செய்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. அடுத்த செவ்வாய் இரவு அந்த நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. “அந்த வாரத்தைப் பத்திப் பேசாதடா” என்று எழுந்து போய்விட்டார்.

சரி, மியூனிக் முடிந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கறிக்கடையில் நீண்ட வரிசை. கண்கள் போதுமான அளவு சிவந்திருந்தன. கேட்க வேண்டியவர் கேட்டதும் அண்ணன் தொடங்கினார்: “மியூனிக்ல எப்பவும் புது டீம்தானுங்க ஜெயிக்கும். நாட்டிங்காம், மார்செய், டார்ட்மண்ட், செல்சி. அப்பவே சொன்னனல்லோ?” எலும்பு வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டார். வரிசையில் இரண்டு ஆள் தள்ளி நின்ற பையன் தன் அரைக்கிலோவுக்குப் பணம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆகஸ்டில் வந்தது இடி. 2026 இறுதியாட்டம் மே 30, புடாபெஸ்டின் புஷ்காஷ் அரங்கில். நேரம் மாலை 6 மணி. ஆட்டம் பார்க்க வந்தவர்கள் பஸ்ஸும் ரயிலும் இருக்கும்போதே வீடு போய்ச் சேர வேண்டும், பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் வசதி என்று சங்கம் காரணம் சொன்னது. அண்ணன் மூன்றரை மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தார், மறுபடியும் கூட்டிப் பார்த்தார். ஒன்பதரை. ஊரில் பாதிப் பேர் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவுவார்கள். தட்டு மடியில் இருக்கும்.

வீட்டம்மாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. “ஒம்பதரைக்குங்களா? அப்ப நம்மூட்டு டிவியிலேயே பாக்கலாமல்லோ. நானும் உக்காந்துக்கறேன். அந்த ஆஃப்சைடுன்னா என்னதுங்க, அதை மட்டும் கொஞ்சம் வெளக்கிச் சொல்லுங்க.”

அண்ணன் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரை ஒருமுறை பார்த்தார்.

“அன்னிக்குச் சனிக்கிழமையல்லோ? நான் பேமென்ட் வாங்கிட்டு வரவே பதினொண்ணு ஆயிரும்.”