படுத்தால் மூடும் கடை

கால்கரி, கனடா
ஜனவரி மாதக் கடைசி

அன்புள்ள அத்தைக்கும் மாமாவுக்கும்,

நலம். மூக்கும் நலம்தான், பகலில்.

வளைந்து கிடந்த மூக்குத் தண்டை நிமிர்த்தியாயிற்று. காலையில் போய்ப் படுத்தேன், சாயங்காலம் வீட்டில் இருந்தேன். ஆரஞ்சுப் பழத்தோடு வருகிற சொந்தபந்தம், பக்கத்துக் கட்டில்காரரின் குடும்பக் கதை எதுவும் கிடையாது. மாகாணக் காப்பீடு இருப்பதால் ஆபரேஷனுக்குக் காசும் கிடையாது. போகும்போது கையில் ஒரு தாளைத் திணித்தார்கள். ஊரில் பத்துச் சொந்தக்காரர் செய்கிற வேலையை இங்கே அந்தத் தாள் செய்கிறது. மூக்கைச் சிந்தாதே, குனியாதே, கனம் தூக்காதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு. பஸ்ஸில் நான் அப்படி வாயைப் பிளந்து தும்மினேன். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் ‘ஸாரி’ சொன்னார். இந்த நாட்டில் யார் தும்மினாலும் யாராவது மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் உள்ளே வைத்திருந்த சிலிக்கான் தகடுகளை உருவினார். இவ்வளவு நீளம் எப்படி என் மூக்குக்குள் குடியிருந்தது என்று நான் வியந்து முடிப்பதற்குள் காற்று ஜிவ்வென்று உச்சந்தலைக்கு ஏறியது. டாக்டர் காலையில் காபி குடித்திருக்கிறார் என்பது வரை வாசனையில் தெரிந்தது.

அன்று ராத்திரி படுத்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு துவாரமும் ‘டப்’பென்று மூடிக்கொண்டன. எழுந்து உட்கார்ந்தால் திறக்கிறது, படுத்தால் மூடுகிறது. நடுராத்திரியில் 811-க்குப் போன் போட்டேன். இந்த மாகாணத்தில் அந்த எண்ணில் எந்நேரமும் ஒரு நர்ஸ் கிடைப்பார். ரத்தம் கொட்டுகிறதா, காய்ச்சலா, பார்வை மங்குகிறதா என்று நிதானமாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. “அப்படியானால் கவலைப்பட ஒன்றுமில்லை, படுத்தால் மூக்கு அப்படித்தான் செய்யும்” என்றார். வாயால் மூச்சு விட்டுக்கொண்டே நன்றி சொன்னேன்.

டாக்டர் பிறகு படம் போட்டுக் காட்டினார். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்று சதை மடிப்புகள் இருக்கின்றனவாம், உள்ளே முழுக்க ரத்தக் குழாய்கள். உட்கார்ந்திருக்கும்போது ரத்தம் கீழே வடியும். படுத்தால் தலையும் நெஞ்சும் ஒரே மட்டத்துக்கு வர, ரத்தம் தேங்கி மடிப்புகள் உப்பும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். எனக்கு ஆபரேஷன் வீக்கமும் பொருக்கும் சேர்ந்துகொள்ள, காற்று போக வழியே இல்லை. சில வாரம், சிலருக்குச் சில மாதம் ஆகுமாம். அதோடு இரண்டு துவாரங்களும் மில் தொழிலாளி மாதிரி ஷிப்டு போட்டு வேலை செய்கின்றன. சில மணி நேரத்துக்கு ஒன்று உப்பி ஓய்வெடுக்கும், மற்றது உழைக்கும். 1895-லேயே கைஸர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதிவைத்துவிட்டாராம்.

இந்த ஊர்க் குளிரும் சும்மா இல்லை. வெளியே மைனஸ் இருபது, உள்ளே ஃபர்னஸ் விடிய விடிய வறட்டுக் காற்றை ஊதுகிறது. மூக்குக்குள் பொருக்கு கட்டுகிறது. அதனால் ஈரப்பதம் கக்குகிற மெஷின் ஒன்று வாங்கினேன். நாகப்பட்டினத்தில் இலவசமாகக் கிடைத்த புழுக்கத்தை இங்கே டாலர் கொடுத்து வாங்குகிறேன், மாமா.

நீங்கள் சொன்ன நொச்சி வேதுவை டாக்டர் இப்போதைக்கு வேண்டாம் என்றுவிட்டார். புதுப் புண்ணில் சூடு பட்டால் ரத்தம் வரும். வெறும் உப்புத் தண்ணீர்தான்: ஒரு துவாரத்தில் பீய்ச்சினால் மறு துவாரத்தில் கொட்டும். தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இரண்டு பேர், அதிலிருந்த அமீபா மூளைக்கு ஏறி இறந்தார்கள். யோகா வகுப்பில் நேதி செய்கிற எதிர்வீட்டு அக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அறை நண்பன் மூக்கடைப்பு ஸ்ப்ரே ஒன்றை நீட்டினான். அடித்தவுடன் திறக்குமாம், ஆனால் சில நாளுக்கு மேல் பழகினால் முன்னைவிட மோசமாக அடைக்குமாம். இப்படிப்பட்ட சிநேகிதர்களை எனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் வேண்டாம் என்றேன்.

இப்போது தலைமாட்டில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். மாமாவின் ஈஸிசேரை நினைத்துப் பொறாமைப்படுகிறேன். ஒருக்களித்துப் படுப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு: வலது பக்கம் படுத்தால் வலது மூக்கு அடைத்து இடது திறக்கும், புரண்டால் மாறும். விலாப்பக்கம், அக்குள் பக்கம் விழுகிற அழுத்தமும் இதைச் செய்யுமாம். இதைப் படித்ததும் சாமியார் படங்களில் அக்குளில் முட்டுக் கொடுத்திருக்கும் யோகதண்டம் ஞாபகம் வந்தது. மூச்சை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றத்தான் அது!

ஆகவே ஒரு வேண்டுகோள். கொல்லையில் பூவரசங்கட்டை கிடக்குமே, ஆசாரியிடம் கொடுத்து மேலே கவையாக ஒன்று செய்து, நன்றாக இழைத்து, வார்னிஷ் அடித்து அனுப்பச் சொல்லுங்கள். நான் தரையில் சம்மணம் போட்டால் அக்குள் எந்த உயரத்தில் இருக்கும் என்று மாமாவை உட்காரவைத்து அளந்துகொள்ளலாம், இருவருக்கும் ஒரே உயரம்தான். பார்சல் சீட்டில் கைத்தடி என்று எழுதினால் போதும். மீதி இடத்தில் அப்பளம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்